இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார்களில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று, ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று, அவர் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவரின் காலடியில். நம் மாஸ்டர் தன் பாதி வாழ்க்கையை அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தபடியே கழித்தவர். படிக்க வருகிறவர்கள் முகத்துக்கு நேரே அவரை "மாஸ்டர்" என்பார்கள். வாசல் தாண்டியதும் "பிரேக் மாஸ்டர்" என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உண்மையில் அவரே பிறரிடம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பேருந்தில் போனால் அவர் கால் தரையை அழுத்தும். தொலைக்காட்சியில் யாராவது யாரையாவது காரில் துரத்தினால் சோபாவின் கால் நகரும். உறவினர் வீட்டில் மனைவி ஏதாவது வம்பான பேச்சை எடுத்தால், மேசைக்குக் கீழே அவள் காலை ஒரு மிதி மிதிப்பார். "எதுக்கு என்னை அழுத்தறீங்க? நான் என்ன வண்டியா?" என்று அவள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுவாள். மாஸ்டர் அசடு வழியச் சிரிப்பார்.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாலைக் குறியீடுகளின் அட்டை, மேசைமேல் அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு நாற்சந்தி. அதில் ஓட்டிக் காட்டுவதற்கு இரண்டு பொம்மைக் கார்கள். வாசலில் இரண்டு நிஜக் கார்கள், இரண்டின் தலையிலும் மஞ்சள் பலகை. ஒன்றில் மாஸ்டர் கற்றுக்கொடுப்பார். மற்றொன்றில் அவருடைய மருமகள், அதாவது அக்கா மகள். அவள் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். "உனக்குன்னு ஒரு வண்டி தரேன், வா" என்று அவளை ஆசை காட்டிக் கூட்டிவந்தவர் நம் மாஸ்டர்தான். இப்போது மாடி அறையில் அவர்களோடேயே இருக்கிறாள்.

அந்த இரண்டாவது கார்தான் மாஸ்டரின் பெருமை. ஒரு வண்டி நின்றுபோனால் இன்னொன்று ஓடும். அதே கணக்கில் அவரிடம் இரண்டு கம்பெனி இணைப்போடு இரண்டு போன். இரண்டு காருக்கும் இரண்டிரண்டு சாவி. உபரிச் சாவிகளை ஒரு இழுப்பறையில் பூட்டிவைத்து, அந்த இழுப்பறையின் சாவியைப் பத்திரமாகக் காருக்குள் வைத்திருந்தார். கார் ஒரு நாள் தானாகப் பூட்டிக்கொண்டபோதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு வீட்டாருக்குத் தெரியவந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடைத்தெரு வியாபாரிகள் கூட்டத்தில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று, "எந்த ஆபத்து வந்தாலும் தாங்கற மாதிரி தொழிலை அமைச்சுக்கணும். எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டு இருக்கணும். என்னைப் பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசிவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த பேக்கரிக்கார அம்மா பலமாகக் கைதட்டினார். கொஞ்ச நாளிலேயே ஊரெல்லாம் தொற்று பரவியது. ஒரே வீட்டில் இல்லாதவர்கள் ஒரே காரில் ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தது. மாஸ்டருடைய திட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, இரண்டு வண்டியும் ஒரே நாளில் நிற்கும் என்பதற்கு மட்டும் இடமில்லை.

காப்பீட்டுத் தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தீப்பிடித்தால் பணம் உண்டு. வெள்ளம் வந்தால் உண்டு. கலவரத்தில் எரித்தால் உண்டு. வண்டிமேல் மரம் விழுந்தால்கூட உண்டு. ஊரில் எல்லோரும் இருமினால் மட்டும் ஒன்றும் கிடையாது. மாஸ்டர் வாசலில் நின்று தெருமுனை மரத்தை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார்.

அதன்பிறகு அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் இரு இருக்கைகளுக்கும் நடுவே கனமான பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டினார். வெயில் பட்டதும் அது கண்ணாடி மாதிரி மின்னி, ஓட்டுபவருக்கு மாஸ்டரின் பக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கியர் மாற்றினால் திரையும் கூடவே வந்தது. எப்படியும் உத்தரவு திரையை ஏற்காது என்று பிறகு தெரிந்தது. அடுத்து, சாலை விதிகளை வீடியோவில் வகுப்பெடுத்தார். பொம்மைக் கார்களை அட்டை நாற்சந்தியில் ஓட்டிக் காட்டிக் கத்திக் கத்திப் பேசினார். வகுப்பு முடிந்ததும்தான் தெரிந்தது, கேமரா அவ்வளவு நேரமும் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. கற்க வந்தவர்கள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லையாம்.

மூன்றாவதாக, வீடுகளுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கிளம்பினார். முதல் நாள் பைகளைப் பின்சீட்டில் அடுக்கிவிட்டு, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, வண்டி புறப்படுவதற்காகக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, பழக்கதோஷத்தில் பயிற்சியாளர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். மாடியிலிருந்து மருமகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, டிரைவர் வரலையா?" என்று கேட்டாள். எல் போர்டு மாட்டிய காரில் முட்டை அனுப்ப யாருக்கும் தைரியம் வராததால் அந்த வியாபாரமும் நாலு நாளில் படுத்துவிட்டது.

பிறகு மாஸ்டர் முன்னறையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். சொல்லப்போனால் அவர் ஓட்டியதே அது ஒன்றுதான்.

இரண்டாவது காரின் மாதத் தவணை கழுத்தைப் பிடித்தது. மனைவி ஒரு காலை வெளிப்படையாகவே கேட்டாள். "ரெண்டு வண்டியையும் வச்சுக்கிட்டு ரெண்டையும் விடப்போறோமா? இல்லை, ஒண்ணையாவது காப்பாத்தப்போறோமா?" மாஸ்டருக்குப் பதில் தெரியும். பழைய கார் வியாபாரி ஒருவருக்குப் போன் செய்தார். அவர் அடுத்த வெள்ளிக்கிழமை காலை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அந்த வண்டி போனால் மருமகளுக்கு வேலை இல்லை. விட்டுவந்த கம்பெனியும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவளை நல்ல வேலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தவர் தான்தான் என்பதை மாஸ்டர் மறக்கவில்லை. அவள் எதிரே நிற்கக் கூச்சமாக இருந்தது. அவள் மாடியிலிருந்து இறங்கிவந்தால் இவர் அட்டை நாற்சந்தியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

விஷயத்தை அவளிடம் சொன்னது மனைவிதான். அதைக் கேட்டதும் மருமகள் மாடியிலிருந்து இறங்கினாள். நேரே முன்னறைக்கு வந்தாள்.

"மாமா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு செஞ்சு பார்க்கலாமா? அவங்கவங்க வண்டியிலேயே அவங்க ஓட்டட்டும். பக்கத்துல வீட்டு ஆள் லைசென்ஸோட உட்காரட்டும். நாம பின்னாலேயே நம்ம வண்டியில போய், போன்ல சொல்லிக்கொடுக்கலாம்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிரேக் இல்லாமலா?"

"அவங்க வண்டியில பிரேக் இருக்கு, மாமா."

"நான் போடறதுக்கு?"

"நீங்க போடறதுக்கு இல்லை."

அன்று முழுவதும் மாஸ்டர் அந்த யோசனையால் வரக்கூடிய விபத்துகளை ஒவ்வொன்றாக வீட்டில் விவரித்தார். சாக்கடை, மின்கம்பம், பசுமாடு, எதிரே லாரி, பின்னால் லாரி. மனைவி காய் நறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப மட்டும் என்ன வாழுது?" என்றாள்.

இதற்குள் பேக்கரிக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆட்கள் கடைக்கு வரப் பயந்தார்கள், ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். கடையில் ஒரு சின்ன வேன் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர், கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டு இருக்கணும்னு நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க? எங்க வீட்டுல ஓட்டறவர் ஒருத்தர்தான். ரெண்டாவது ஆளா நான் கத்துக்கறேன். எப்படிக் கத்துக்கொடுப்பீங்களோ எனக்குத் தெரியாது."

தன் வாயால் தானே மாட்டிக்கொண்டவருக்கு வேறு வழி ஏது? மாஸ்டர் சரி என்றார்.

மூடிக்கிடந்த ஒரு திரையரங்கின் வாகன நிறுத்தம்தான் முதலில் மைதானம். கோடு போட்ட சிமெண்டுத் தரையில் வேன் நத்தை மாதிரி ஊர்ந்தது. அந்த அம்மா ஸ்டியரிங்கை மாவு பிசைவதுபோல் பிடித்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், ஒரு கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்க, இன்னொரு கையால் கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தார். மருமகள் ஓரமாக நின்று போனில் பேசினாள். "கிளட்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா. அவ்வளவுதான்." அவள் குரலில் பதற்றமே இல்லை. மாஸ்டர் அவளுக்குப் பக்கத்தில் நின்று, வேன் திரும்பும்போதெல்லாம் தரையை மிதித்தார். நாலைந்து நாளில் வேன் திணறாமல் கிளம்பவும் நினைத்த இடத்தில் நிற்கவும் பழகியது. மாஸ்டரின் செருப்புதான் ஒரு பக்கமாகத் தேய்ந்தது.

வியாழக்கிழமை சாலைக்குப் போவது என்று முடிவாயிற்று. அங்கேதான் மாஸ்டர் தன் அனுபவத்தைக் காட்டினார். "ரோட்டுல நான்தான் சொல்லித்தருவேன். பொறுப்பு என்னோடது. நீ வண்டியை மட்டும் ஓட்டு" என்று மருமகளிடம் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டாவது காரை அவள் ஓட்ட, பக்கத்தில் தன் வழக்கமான இருக்கையில், போனைக் கையில் பிடித்தபடி அவர் உட்கார்ந்தார். காலுக்கடியில் இரண்டாவது பிரேக் இருந்தது. அதைக் கழற்றிவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தெருக்கள் வெறிச்சென்று கிடந்தன. வேன் முன்னே, கார் பின்னே. "நல்லா போறீங்கம்மா. மூணாவது கியர் போடுங்க" என்றார் மாஸ்டர். கடைத்தெரு தாண்டி நாற்சந்தி வந்தது. விளக்கு மஞ்சளுக்கு மாறியது. வேன் இன்னும் வேகத்தைக் குறைக்கவில்லை, அல்லது மாஸ்டருக்கு அப்படித் தெரிந்தது. "பிரேக்!" என்று அலறியபடியே பாதி வாழ்க்கையின் பழக்கத்தை முழு பலத்தோடு காலில் இறக்கினார்.

வேன் கோட்டுக்கு முன்னால் அழகாக, பதவிசாக நின்றது. ஆனால் அதற்கு வெகு தூரத்துக்கு முன்பே, வெறும் சாலையின் நடுவில், காரும் நின்றுவிட்டது. பின்னால் வந்த பால் வண்டி டமாரென்று மோதியது.

யாருக்கும் அடியில்லை. காரின் பின்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு உடைந்து தொங்கியது. பால் வண்டிக்காரர் இறங்கி வந்து ஜன்னலருகே நின்று கத்தினார். "முன்னாடி ஒண்ணுமே இல்லையேம்மா! எதுக்கு பிரேக் போட்ட?"

"நான் போடலண்ணே," என்றாள் மருமகள். "அவர் போட்டாரு."

பால் வண்டிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். மாஸ்டரின் கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது. "நீ ஓட்டற வண்டிக்கு அவர் எதுக்கும்மா பிரேக் போடறாரு?" என்று கேட்டார். கோபத்தைவிடக் குழப்பம்தான் அதில் அதிகம். போனில் பேக்கரிக்கார அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "மாஸ்டர்? சத்தம் கேட்டுச்சே. நீங்க ஒண்ணும் சொல்லலை, அதனால நானே திரும்பி ஓரமா நிறுத்திட்டேன். இண்டிகேட்டர் போட்டிருக்கேன். சரியா?"

"சரிம்மா," என்றார் மாஸ்டர். "எல்லாமே சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

வீட்டுக்கு வரும்வரை மருமகள் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முன்னறையில் மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிக்கறவன்னு நான் என்னைப் பத்தி நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "அதெல்லாம் இல்லை. எனக்குப் பயம். நிறுத்தறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"அது எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும்," என்றாள் மனைவி. "தண்ணியைக் குடிங்க." ஆனால் போகும்போது அவர் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பழைய கார் வியாபாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். முகக்கவசம் தாடையில் தொங்க, காரை ஒரு சுற்று சுற்றினார். நசுங்கிய இடத்தில் விரலை ஓட்டி உச்சுக்கொட்டினார். பேசிய விலையில் ஒரு பெரிய துண்டைக் கழித்துச் சொன்னார். "இந்த நிலைமையில வேற யாரும் வாங்க மாட்டாங்க, மாஸ்டர். இன்னிக்கே முடிச்சுடுங்க. அடுத்த வாரம் வந்தா இதுவும் கிடைக்காது."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் மாஸ்டரை உலுக்கியது. காருக்குள் மருமகள் தன் பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தாள். உயரம் போதாமல் அவள் போட்டு உட்காரும் திண்டு, கறுப்புக் கண்ணாடி, ஒரு தண்ணீர் பாட்டில். அவற்றை ஒரு பையில் வைத்துத் திண்டை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல் ஓரமாக நின்றாள். மாஸ்டரால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. கொடுத்துவிட்டால் தவணைத் தொல்லை தீரும், ஒரு வண்டியாவது மிஞ்சும். நிறுத்திவிடுவதுதான் பத்திரம். "சரிங்க…" என்று ஆரம்பித்தார்.

அப்போது தெருமுனையில் பேக்கரி வேன் திரும்பியது. பேக்கரிக்கார அம்மாதான் ஓட்டினார். பின்னால் காரும் இல்லை, காதில் போனும் இல்லை. ஒரு வாசலில் நின்று ரொட்டிப் பொட்டலத்தைத் சுற்றுச்சுவர்மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டார். அடுத்த வாசல் வருவதற்குள் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மாஸ்டரின் கால் சிமெண்டுத் தரையை ஓங்கி மிதித்தது.

வேன் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

நாய் நிதானமாகக் கடந்துபோயிற்று. அந்த அம்மா காத்திருந்து, மறுபடி கியர் போட்டு, வேனைக் கிளப்பினார். அவர் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. இன்னொரு கை இந்தமுறை கதவுக் கைப்பிடியில் இல்லை. அதில் ஒரு பெரிய பன் இருந்தது. அவர் அதை ரசித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அந்தப் பன்னையே பார்த்தபடி நின்றார். எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளாவது இப்படி ஒன்றைக் கடித்திருப்பாரா? குனிந்து தன் காலைப் பார்த்தார். இன்னும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

"வண்டி விக்கறதுக்கு இல்லைங்க," என்றார்.

வியாபாரி திகைத்தார். "இப்பதானே சரின்னீங்க? விலை பத்தலையா?"

"விலை இருக்கட்டும். ஓட்ட ஆள் இருக்கு." பிறகு மருமகளைப் பார்த்து, குரல் கொஞ்சம் இறங்க, "இருக்கு இல்லே? வேற யாராவது போன் பண்ணி விசாரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர்," என்றாள். "நேத்து பால் வண்டி இடிச்சதைப் பார்த்துட்டுக் கேட்டாங்க. முன்னாடி போன வேன் அவ்வளவு அழகா நின்னுச்சாம். அதுக்கு யார் கத்துக்கொடுத்தாங்கன்னு தெரியணுமாம்."

"தவணை?" என்றாள் மனைவி வாசற்படியிலிருந்து.

"தெரியலை," என்றார் மாஸ்டர். அப்படி ஒரு பதிலை அவர் வாயிலிருந்து அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வியாபாரிக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவர உள்ளே போனாள்.

மருமகள் காரின் கதவைத் திறந்து திண்டைப் பழைய இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒரு கண்டிஷன், மாமா. நீங்க பின்சீட்டு."

அன்று மாலையே புதியவர் ஒருவர் தன் காரில் முன்னால் போக, நசுங்கிய காரில் அவர்கள் பின்னால் போனார்கள். மருமகள் ஓட்டியபடியே நிதானமாகப் பேசி வழி சொன்னாள். மாஸ்டர் பின்சீட்டில் பெல்ட் போட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். மடியில் பேக்கரிக்கார அம்மா கொடுத்தனுப்பிய பன் ஒன்று, கடிக்காமல் கையில் நசுங்கிக்கொண்டிருந்தது. தூரத்து நாற்சந்தியில் விளக்கு மஞ்சளாயிற்று. காலுக்கடியில் வெறும் கால்மிதிதான். மாஸ்டர் அதை இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தார். வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.